வழிகாட்டி நாயும் வாடகை வீடும்: 'இடம் கொடுத்தல்' குறித்துச் சில குறிப்புகள்

1

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு அச்சாணியாக இருக்கிற ஒரு சொற்சேர்க்கைக்குத் தமிழில் இன்னும் நிலையான பெயர் அமையவில்லை. ஆங்கிலத்தில் அதை 'ரீசனபிள் அகாமடேஷன்' என்கிறார்கள். நியாயமான தகவமைப்பு, நியாயமான ஏற்பாடு, நியாயமான வசதி என்று நாம் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். அகாமடேஷன் என்றால் தங்குமிடம்தானே என்று எண்ணிச் சிலர் 'இடவசதி' என்றே போட்டுவிடுகிறார்கள். இதைப் பிழையான மொழிபெயர்ப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிழையாக வந்து விழுந்த அந்தச் சொல், பிரச்சினையின் மடியிலேயே போய் விழுந்திருக்கிறது.

தமிழில் 'இடம் கொடுத்தல்' என்ற வினை நல்ல பொருளில் வருவது குறைவு. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்கிறது பழமொழி. பிள்ளைக்கு ரொம்ப இடம் கொடுக்காதே என்கிறோம். இடம் என்பது கொடுப்பவருடைய சொத்து. வாங்குபவர் எந்நேரமும் வரம்பு மீறக்கூடியவர். ஆகவே கொடுப்பதில் கஞ்சத்தனம்தான் விவேகம். இந்தக் கருத்தியல் நம் அன்றாடப் பேச்சுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சட்டமோ இதைத் தலைகீழாக்குகிறது. இடம் தருவதைத் தயவு என்று அது கருதுவதில்லை. தராமல் இருப்பதையே பாகுபாடு என்கிறது.

பேச்சு வழக்குக்கும் சட்டத்துக்கும் இடையிலான இந்த மோதல் எங்கே அப்பட்டமாகத் தெரியும் என்று யோசித்தால், உதவி நாயோடு வாடகை வீடு கேட்டு வாசலில் நிற்கும் ஒரு பார்வையற்ற மனிதரின் உருவம் எனக்கு முன் வருகிறது. அவர் கையில் இருப்பது என்ன? வளர்ப்புப் பிராணியா, அவருடைய கண்ணா? எந்தப் பெயரிட்டு அழைக்கிறோமோ அதைப் பொறுத்து அவருக்கு உரிமை உண்டு அல்லது இல்லை என்றாகிறது. நாயைச் 'செல்லப் பிராணி' என்று வைத்துக்கொண்டு நடத்தும் வாதம், வென்றாலும் தோற்றாலும், ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்குத்தான் பயன்படுகிறது. வீடே இல்லாதவருக்கு வேறு வாதம் வேண்டும். அதற்கான சட்டம் நம் கையிலேயே இருக்கிறது என்பதை விளக்குவதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

வழிகாட்டி நாய் என்ற ஏற்பாடு போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் விஷவாயுவிலும் வெடிகுண்டிலும் கண்ணிழந்து திரும்பிய ஜெர்மானியப் படைவீரர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1927இல் டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண் இதுபற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் சுவிட்சர்லாந்துக்குப் போய் 'பட்டி' என்ற நாயோடு 1928இல் ஊர் திரும்பினார். 1929இல் அமெரிக்காவின் முதல் பள்ளி உருவானது. இங்கிலாந்தில் 1931. போர் உண்டாக்கிய உடல்களை என்ன செய்வது என்ற அரசின் கவலையில் பிறந்த ஒரு நுட்பம், பிறகு குடிமக்களின் கோரிக்கையாக மாறியது.

அந்த நாய் என்ன செய்கிறது என்பதில் நம்மிடையே குழப்பம் உண்டு. அது எஜமானரை இழுத்துக்கொண்டு போய் ஊர் சேர்ப்பதில்லை. வழி தெரிந்தவர் மனிதர்தான். எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்பவரும் அவரே. நடைபாதையில் குறுக்கே நிற்கும் வண்டி, தலைக்கு நேரே தொங்கும் கிளை, படியின் விளிம்பு, மூடாத பள்ளம் ஆகியவற்றை உணர்ந்து நிற்பதும் விலகுவதும் நாயின் வேலை. இன்னொன்றையும் கற்றுத் தருகிறார்கள். 'போ' என்ற கட்டளை ஆபத்தில் கொண்டுபோய் விடும் என்றால் அது போக மறுக்கும். அறிவார்ந்த கீழ்ப்படியாமை என்று இதற்குப் பெயர். கீழ்ப்படிதலின் உருவகமாக நாம் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த ஒரு ஜீவன், தக்க சமயத்தில் கீழ்ப்படிய மறுப்பதால்தான் தன் வேலையைச் செய்ய முடிகிறது. பார்வையற்றோருக்கு மட்டும் என்றில்லை. செவித்திறன் இல்லாதவருக்கு அழைப்பு மணியையும் புகை எச்சரிக்கையையும் உணர்த்தும் நாய்கள் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்ததை எடுத்துத் தரும் நாய்களும் உண்டு.

மெர்லோ-போந்தி 1945இல் வெளிவந்த தமது நிகழ்வியல் நூலில் பார்வையற்றவரின் கைத்தடியை உதாரணம் காட்டுகிறார். பழகிய பின் தடி அவருக்கு ஒரு பொருளாக இருப்பதில்லை. அதன் நுனியில் அவருடைய தொடுவுணர்வு குடியேறிவிடுகிறது. உடல் தோலோடு முடிந்துவிடவில்லை என்பது அவர் வாதம். தடிக்கு இது பொருந்தினால் நாயின் சேணக் கைப்பிடிக்கும் பொருந்தும். தடியைத் தெருவில் வைத்துவிட்டு உள்ளே வா என்று எந்த வீட்டுக்காரரும் சொல்வதில்லை. நாயை விட்டுவிட்டு வா என்று சொல்லத் தயக்கமே இருப்பதில்லை.

இங்கு ஒரு முரணைக் கவனிக்கலாம். 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டிய வீட்டில்தான் 'நாய் வெச்சிருக்கிறவங்களுக்கு வீடு கிடையாது' என்கிறார்கள். ரயில் நிலையத்தில் வெடிகுண்டு மோப்பம் பிடிக்கும் போலீஸ் நாய் பிளாட்பாரம், பயணிகள் கூடம், பெட்டி என்று எங்கும் போகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆக, சொத்தைக் காக்கும் நாய்க்கு இடம் உண்டு. அரசைக் காக்கும் நாய்க்கு இடம் உண்டு. ஒரு குடிமகனைத் தெருவில் நடக்க வைக்கும் நாய்க்குத்தான் சுகாதாரம், குரைப்பு, அக்கம்பக்கம் என்று ஆயிரம் காரணங்கள் முளைக்கின்றன. பிரச்சினை நாயிடம் இல்லை, அது யாருக்காக வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

3

இதைச் சென்னையின் மேற்குப் புறநகரில் வைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. பூந்தமல்லி என்றதும் நம்மில் பலருக்குத் தடா நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் விடுதியும் இருக்கின்றன. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்குதான். பல மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே பிரெய்ல் படித்து, கைத்தடியோடு நடக்கப் பழகி, ஒரு நாள் வெளியே வருகிறார்கள். சிலர் ஆசிரியராகிறார்கள், சிலர் வங்கிக்குப் போகிறார்கள், சிலர் சென்ட்ரல்–அரக்கோணம் மார்க்க மின்சார ரயிலில் ஊதுபத்தியும் கடலை மிட்டாயும் விற்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக வருகிற முதல் கேள்வி வாடகை வீடு.

அம்பத்தூரும் ஆவடியும் வாடகை வீடுகளின் ஊர்கள். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று வேலை வந்தது. வேலை தேடி ஆள் வந்தது. ஆலைத் தொழிலாளி கடன் வாங்கி அரை கிரவுண்டில் வீடு கட்டி, மாடியிலும் பின்கட்டிலும் 'போர்ஷன்' இழுத்து வாடகைக்கு விட்டார். கீழே ஓனர், மேலே குடித்தனக்காரர், பொது வாசல், பொதுக் குழாய், ஒரே மொட்டை மாடி. கடந்த முப்பது ஆண்டுகளில் இதன் பக்கத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அவற்றின் அசோசியேஷன்களும் எழுந்துவிட்டன. வீடு கொடுக்கும் அதிகாரம் இங்கே இரண்டு உருவங்களில் இருக்கிறது: தனி மனிதரான ஹவுஸ் ஓனர், விதிமுறைப் புத்தகம் வைத்திருக்கும் சங்கம். சட்டம் இந்த இரண்டையும் ஒன்றுபோல் பார்ப்பதில்லை என்பது பின்னால் முக்கியமாகும்.

பார்வையற்ற நண்பர்களோடு வீடு பார்க்கப் போனவன் என்ற முறையில் அந்த வாசல் பேச்சு எனக்கு மனப்பாடம். யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. 'உங்களுக்குத்தான் சார் கஷ்டம், மாடிப்படி செங்குத்தா இருக்கு.' 'கேஸ் அடுப்பெல்லாம் எப்படி சார் சமாளிப்பீங்க, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?' 'வீட்ல பெரியவங்கள கேட்டுச் சொல்றேன்.' புரோக்கர் மட்டும் தெருமுனையில் உண்மையைச் சொல்வார்: 'காலைல எந்திரிச்சு மொத முகமா பாக்க யோசிக்கிறாங்கண்ணே.' அக்கறையின் மொழியில் விலக்கலைச் செய்வது எப்படி என்பதற்கு இந்த வாசல்களை விடச் சிறந்த பாடப்புத்தகம் இல்லை. இந்த நிலையில் கூடவே ஒரு நாயும் வந்தால்? மறுப்புக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது. 'உங்களுக்குக் குடுக்கலாம் சார், நாய்தான் யோசனையா இருக்கு.' மனிதரை மறுத்த குற்றவுணர்ச்சி இல்லாமல் மனிதரை மறுக்க நாய் உதவுகிறது.

4

இப்போது சட்டத்துக்கு வருவோம். நாயோடு குடியிருக்கும் உரிமைக்கு நம் நாட்டில் இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது விலங்கு நலப் பாதை. இதுதான் பத்திரிகைகளில் அதிகம் அடிபடுவது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு அமைந்தது இந்திய விலங்குகள் நல வாரியம். நீண்ட காலம் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. 2015இல் அது குடியிருப்போர் சங்கங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெரும்பான்மையினர் கை தூக்கினாலும் செல்லப் பிராணிகளை அடியோடு தடை செய்யும் விதியைச் சங்கங்கள் கொண்டுவர முடியாது. நாய் குரைக்கிறது என்பது மட்டுமே தடைக்குக் காரணமாகாது என்று அது சொல்கிறது. 2021 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டில் பிராணி வளர்ப்பதை முற்றிலும் தடுக்கும் சங்க விதிகளும் ஒப்பந்தங்களும் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பாதையின் எல்லைகளைப் பார்க்க வேண்டும். முதலில், இது 'குடியிருப்பவரின்' உரிமை. உள்ளே இருப்பவருக்கும் சங்கத்துக்கும் இடையிலான சண்டையில் உள்ளே இருப்பவர் பக்கம் நிற்கிறது. கதவுக்கு வெளியே அட்வான்ஸ் பணத்தோடு நிற்பவரைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, இந்த வாதம் விலங்கின் உரிமை மீது சாய்ந்து நிற்கிறது. அந்தத் தூண் ஆடக்கூடியது. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்சநீதிமன்றம் உயிர் வாழும் உரிமையின் பொருளை விலங்குகள் வரை விரித்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கொள்ள முன்தீர்ப்பு ஏதும் இல்லை என்று கூறி, தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றது. 2025இல் தெருநாய்கள் குறித்து உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளும் அவற்றையொட்டி எழுந்த கூச்சலும் நமக்குத் தெரியும். ஆகஸ்ட் 11இல் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. 22ஆம் தேதி அதை மாற்றியது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. இவை வழிகாட்டி நாய்களைப் பற்றியவை அல்ல என்பது வழக்கறிஞருக்குத் தெரியும். வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குத் தெரியுமா? நாய்களின் மீது சமூகத்துக்கு இருக்கும் அன்பும் வெறுப்பும் பருவம்தோறும் மாறும். ஒரு மனிதரின் நடமாட்டம் அந்தத் தட்பவெப்பத்தை நம்பி இருக்க முடியாது.

5

இரண்டாவது பாதை 2016ஆம் ஆண்டுச் சட்டம். 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் வழி வந்தது; 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் 'நாய்' என்ற சொல் இல்லை. 1990க்குப் பின் அமெரிக்காவிலும் 2010இன் சமத்துவச் சட்டத்தில் பிரிட்டனிலும் உள்ளதுபோல் சேவை நாய், உதவி நாய் என்று வரையறை ஏதும் கிடையாது. ஆனால் சொல் இல்லாததால் உரிமை இல்லை என்றாகிவிடாது. சட்டத்தை அடுக்கடுக்காகப் படிக்க வேண்டும்.

'நியாயமான தகவமைப்பு' என்பதற்குச் சட்டம் தரும் பொருள்: பிறருக்குச் சமமாக உரிமைகளை அனுபவிக்க மாற்றுத்திறனாளிக்குத் தேவைப்படும், பொருத்தமான மாற்றங்கள், எதிர்த்தரப்புக்கு அளவு மீறிய சுமை ஏற்படக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 'பாகுபாடு' என்ற வரையறைக்குள், அத்தகைய தகவமைப்பை மறுப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 'தடை' என்பதன் வரையறையில் கட்டட அமைப்போடு கூடப் பண்பாடு, மனப்பாங்கு ஆகியவையும் வருகின்றன. 'காலைல மொத முகமா' என்ற அந்தப் பேச்சு, சட்டத்தின் கண்ணில், படிக்கட்டைப் போலவே ஒரு தடை. 5ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்கிறது. விடுதியில் வாழ் என்று யாரையும் நிர்ப்பந்திக்கும் நிலை வராமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பூந்தமல்லி விடுதியிலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கு எழுதப்பட்ட பிரிவு என்றே இதை வாசிக்கலாம்.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் வாதம் தானாக அமைகிறது. 'நாய் கூடாது' என்ற விதி எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் விளைவு சமமாக இல்லை. நாயை விரும்பி வளர்ப்பவர் அதைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வரலாம். நாயைக் கொண்டு நடப்பவர் அப்படி விட்டால் நடையையே விட்டதாகும். ஆகவே அந்த விதியில் அவருக்கு மட்டும் விலக்குத் தருவது சலுகை ஆகாது. விதியைச் சமமாக்கும் வழி அது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், தகவமைப்பைச் சமத்துவத்தின் உள்ளடக்கமாகவே வாசித்தது. குறிப்பிட்ட நபரின் குறிப்பிட்ட தேவையைக் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும் என்றது. தேர்வில் எழுத்தர் உதவி பற்றிய வழக்கு அது. தர்க்கம் தேர்வறையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இனி, யாரைக் கட்டுப்படுத்தும் என்ற கேள்வி. சட்டம் 'தனியார் நிறுவனம்' என்பதைக் கம்பெனி என்ற அளவில் நிறுத்தவில்லை. கூட்டுறவுச் சங்கம், பிற சங்கம், அறக்கட்டளை எல்லாம் அதில் அடக்கம். அடுக்குமாடி அசோசியேஷன் அதற்குள் வரும் என்று தாராளமாக வாதிடலாம். தனி ஹவுஸ் ஓனர்? இங்குதான் சிக்கல். ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் 3ஆம் பிரிவு யாரால் என்று குறிப்பிடாமல், மாற்றுத்திறனாளி பாகுபாட்டுக்கு ஆளாகக் கூடாது என்கிறது. 89ஆம் பிரிவோ சட்டத்தை மீறும் 'எவருக்கும்' முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் என்கிறது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், பேச்சுரிமை போன்ற சுதந்திரங்களையும் உயிர் வாழும் உரிமையையும் அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று உச்சநீதிமன்றம் பெரும்பான்மையாகக் கூறியிருக்கிறது. இவை வாதத்துக்கான பிடிகள். தடம் நன்கு விழாத பாதை இது, நடந்தால்தான் விழும்.

வேறு நாடுகளில் எப்படி விழுந்தது? அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுரிமைச் சட்டம் 1988இல் ஊனத்தையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த விதிமுறை, தகவமைப்பு என்றால் என்ன என்று விளக்கத் தேர்ந்துகொண்ட முதல் உதாரணமே, நாய் கூடாது என்ற கட்டடத்தில் வழிகாட்டி நாயோடு வீடு கேட்கும் பார்வையற்றவர்தான். அதே சட்டம், நான்கு வீடுகளுக்கு மேற்படாத, உரிமையாளரும் கூடவே குடியிருக்கும் கட்டடத்துக்கு விலக்கும் அளித்தது. 'மிஸஸ் மர்ஃபி விலக்கு' என்று கேலியாக அழைக்கிறார்கள். நம் ஊர்ப் போர்ஷன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். அந்த விலக்கை இங்கே இறக்குமதி செய்தால் அம்பத்தூரில் பாதித் தெருக்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

நம்மவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இரண்டு பாதைகளின் வித்தியாசத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. அங்கே 2006இன் வாடகைச் சட்டப்படி, பிராணி கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த வரி செல்லாது. ஆனால் 'காண்டோ' எனப்படும் அடுக்ககங்களின் ஆவணங்கள் பிராணிகளைத் தடுத்தால் அந்தப் பாதுகாப்பு போதாது. அங்கே கைகொடுப்பது மனித உரிமைச் சட்டம். அளவு மீறிய இடர் என்ற எல்லை வரை தகவமைத்துத் தர வேண்டிய கடமையைச் சங்கத்தின் மீதும் அது சுமத்துகிறது. செல்லப் பிராணிப் பாதை நின்ற இடத்திலிருந்து ஊனமுற்றோர் உரிமைப் பாதை தொடங்குகிறது.

6

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, சான்றிதழ். 'டிரெயினிங் குடுத்த நாய்தான்னு என்ன புரூஃப்?' என்று கேட்பார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் செவித்திறன் இல்லாத இரு வாடகைதாரர்களின் வழக்கில் இதே கேள்வி வந்தது. அங்கீகாரம் பெற்ற பள்ளியின் பயிற்சி கட்டாயம் என்ற எண்ணத்தை ஜூரிக்கு ஏற்படுத்தியது தவறு என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. நாய் வேலை செய்கிறதா, அந்த வேலை இந்த மனிதரின் ஊனத்தோடு தொடர்புடையதா என்பதே கேள்வி. பயிற்சிப் பள்ளிகளே அரிதான நம் நாட்டில் சான்றிதழை முன்நிபந்தனை ஆக்கினால், உரிமையைக் கொடுத்த கையோடு திரும்பப் பறித்ததாகும்.

இரண்டு, அக்கம்பக்கத்தாரின் அச்சம். இதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நாய்க்கடி வாங்கிய குழந்தை உள்ள வீடு, வெறிநாய்க் கடியில் உறவைப் பறிகொடுத்த வீடு, மத நம்பிக்கையால் நாயைத் தொடாத வீடு எல்லாம் நம் தெருக்களில் உண்டு. சட்டமும் இதை ஒதுக்கவில்லை. 'அளவு மீறிய சுமை' என்ற சொல் இதற்காகத்தான் இருக்கிறது. தடுப்பூசி போட்ட ஆவணம் கேட்கலாம். உள்ளாட்சி உரிமம் கேட்கலாம். பொது வாசலில் சேணத்தோடுதான் வர வேண்டும் என்றும், கழிவை உடனே அகற்ற வேண்டும் என்றும் கேட்கலாம். தகவமைப்பு என்பது பேசித் தீர்ப்பது. பேச மறுத்துக் கதவைச் சாத்துவதைத்தான் சட்டம் தடுக்கிறது.

மூன்று, நம் தோழர்கள் எழுப்பும் ஆட்சேபம். 'இதெல்லாம் மேட்டுக்குடி சமாச்சாரம். இங்க கைத்தடிக்கே வழியில்ல, நாய் எங்கருந்து வரும்?' உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 50 லட்சம். அவர்களில் வழிகாட்டி நாயோடு நடப்பவர்கள் மிக மிகச் சிலர். உடைந்த நடைபாதையும் தெருநாய்க் கூட்டமும் உள்ள சி.டி.எச். ரோட்டில் அந்த நாய்க்கே வழி கிடைப்பது கஷ்டம். ஆனால் எண்ணிக்கையை வைத்து ஒரு உரிமையை எடைபோடும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? பலருக்குக் கிடைக்காததால் ஒருவருக்கும் உரிமை வேண்டாம் என்பது சமத்துவ வாதமாகாது. வீடு கிடைக்காது என்றால் நாய் வாங்க யாரும் துணிய மாட்டார்கள். யாரும் வாங்கவில்லை என்றால் பயிற்சிப் பள்ளிகள் பெருகாது. பள்ளிகள் இல்லை என்பதால் சட்டத்தில் நாய்க்கு வரி ஒதுக்கத் தேவையில்லை என்பார்கள். வளையம் எங்காவது உடைய வேண்டும்.

7

நாயை விட்டுவிட்டு அந்த வாசலை மட்டும் ஒரு கணம் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறையான தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் ஒப்பந்தம், பதிவு, வாடகை, காலி செய்தல் எல்லாவற்றையும் விரிவாகப் பேசுகிறது. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவு அதில் இல்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றில் சாதி, மதம், பாலினம் முதலியவற்றின் பேரால் தடுக்கக் கூடாது என்கிறது; வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஊனம் என்ற காரணமும் அதில் இல்லை. 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தம் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற விதியைச் சங்கம் அமைக்கும் சுதந்திரத்தின் பேரால் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆக, வீட்டு வாசல் என்பது அரசியலமைப்பு தயங்கி நின்றுவிடும் இடம். 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற பலகையும், 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற விசாரணையும், பாய்க்கு வீடு கிடையாது என்பதும், தனியாக வாழும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விகளும், 'நாய்தான் யோசனையா இருக்கு' என்பதும் ஒரே வாசலில்தான் நிற்கின்றன. சொத்து என்னுடையது, யாருக்கு இடம் கொடுப்பது என்பது என் இஷ்டம் என்ற ஒற்றை வாக்கியத்தின் வெவ்வேறு வேற்றுமை உருபுகள் இவை. இந்த வாசலுக்குள் சட்டத்தின் கால் நுழைந்திருக்கும் அரிதான இடங்களில் ஒன்று 2016ஆம் ஆண்டுச் சட்டம். அதை ஊனமுற்றோரின் தனிப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டால், சாதிக்கு எதிராக அதே வாசலில் போராடுபவர்கள் கையில் கிடைத்த ஒரு நெம்புகோலை நழுவவிடுகிறார்கள்.

செய்யக்கூடியது என்ன? மறுப்பு வாய்மொழியாகத்தான் வரும். அதனால் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். செல்லப் பிராணி என்ற சொல்லைக் கடிதத்தில் எங்கும் பயன்படுத்த வேண்டாம். என் ஊனம் இது, இந்த நாய் எனக்காகச் செய்யும் வேலை இது, விதியில் எனக்கு வேண்டிய விலக்கு இது என்று மூன்று வரி போதும். அசோசியேஷன் மறுத்தால் மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். விசாரணையில் ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான். ஆனாலும் சம்பந்தப்பட்ட அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் அதன்மேல் என்ன செய்தது என்று சொல்லியாக வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணம் காட்ட வேண்டும். நாய்க்கான உரிமத்தை அம்பத்தூர்க்காரர் சென்னை மாநகராட்சியிடமும், ஆவடிக்காரர் 2019இல் உருவான தம் மாநகராட்சியிடமும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இயக்கங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. உதவி நாயோடு வருபவருக்கு வீடு, கடை, வாகனம், அலுவலகம் எதிலும் தடை கூடாது என்று மாநில விதிகளில் ஒரு வரி. வாடகைச் சட்டத்தில், சாதி, மதம், பாலினம், ஊனம் ஆகியவற்றின் பேரால் வீடு மறுப்பதைத் தடுக்கும் ஒரு பிரிவு. முதல் வரி கொஞ்சம் பேருக்கு. இரண்டாவது பிரிவு நம் எல்லோருக்கும். முதலாவதைக் கேட்கும்போதே இரண்டாவதையும் சேர்த்துக் கேட்டால்தான் 'இடம் கொடுத்தல்' என்ற வினையின் எழுவாய் மாறும். அதுவரை இடம், கொடுப்பவர் வாயில்தான் இருக்கும்.